பாலத்துக் கட்டைகள்

மூடிப்போன ரயில் பாதைகளைத் தேடிப் போய்ப் பார்ப்பதற்கென்றே பம்பாயில் ஒரு கூட்டம் இருக்கிறது என்பது போன மழைக்காலம் வரை எனக்குத் தெரியாது. எல்லாம் படித்த பிள்ளைகள். வாரம் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முதல் லோக்கலைப் பிடித்துக் கல்யாணில் இறங்கி, அங்கிருந்து ஜீப் பிடித்து, முள்ளிலும் சேற்றிலும் நடந்து, ரயில் இல்லாத இடத்தில் போய் ரயிலைத் தேடுகிறார்கள். கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த ரயில் அங்கே இல்லாமல் போனதற்குப் பாதிக் காரணம் நான்தானே. தண்டவாளம் வெட்டி எடுக்கிற வேலையில்தான் என் இளவயசு போயிற்று.

அந்தக் கூட்டத்தில் காவ்யா என்று ஒரு பெண். கிங்ஸ் சர்க்கிளில் வீடு, பல தலைமுறையாக மாட்டுங்காத் தமிழர்கள். செம்பூரில் என் மருமகன் வேலை பார்க்கும் ஆபீஸில்தான் அவளுக்கும் வேலை. என் மாமனார் தண்டவாளம் வெட்டினவர் என்று மருமகன் அவளிடம் பேச்சுவாக்கில் உளறிவிட்டார். அவ்வளவுதான், அடுத்த ஞாயிறே தாராவியில் என் வீட்டு வாசலில் நாலு பேர் ஷூ கழற்றிக்கொண்டிருந்தார்கள். போனில் ஒரு பாதையைக் காட்டி, இது தெரியுமா அங்கிள் என்றாள். தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் போகிற சின்ன லைன். அதன் பெயரை இங்கே எழுதப் பிரியமில்லை. நீங்களும் வாங்க என்று கூப்பிட்டார்கள், தை மாதம் நானும் போனேன். போயிருக்க வேண்டாம்.

ஒரு புதருக்குள் இரண்டு முழத் தண்டவாளம் மண்ணில் செருகி நின்றது. பார்த்ததும் நாலு பேரும் மண்டிபோட்டுப் படம் எடுத்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அது நாங்கள் எடுக்க மறந்த கேட் கம்பம். இன்னோர் இடத்தில் ஜல்லிக்குள் ஆணிகள் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்தன. எவனோ சோம்பேறி, தூக்க மாட்டாமல் சாக்கைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான். நாங்கள் ஒழுங்காக வேலை பார்த்த இடத்தில் இவர்களுக்குப் பார்க்க ஒன்றுமே இல்லை, ஒழுங்கில்லாமல் பார்த்த இடம்தான் அதிசயம். இதைச் சொன்னதும் காவ்யா சத்தமாகச் சிரித்தாள். நல்ல பிள்ளை. கண்ணும் கூர்மை. இடிந்துபோன பழைய மதகை என்னைவிட முன்னால் அவள்தான் கண்டுபிடித்தாள்.

மத்தியானம் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தோம். பாலத்தின் இரும்பெல்லாம் பின்னால் வந்த வேறு ஆட்கள் எடுத்துப் போயிருந்தார்கள். கருங்கல் தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன. ஆற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. காவ்யா தூணை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆத்துல தண்ணியே இல்லையே அங்கிள், இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பாலம் போட்டாங்க?" என்று கேட்டாள்.

இதே கேள்வியை, இதே கரையில் நின்று, எங்கள் சூப்பர்வைசர் கேட்டான். அவனுக்கும் அப்போது பதில் சொல்ல முடியவில்லை, இவளுக்கும் சொல்ல வாய் வரவில்லை. மூச்சு வாங்குகிறது என்று சொல்லி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அவள் அம்மா வாசித்துச் சொல்லட்டும்.

நான் திருச்செந்தூர்ப் பக்கம். மீசை முளைக்கும் முன்னே தாராவிக்கு வந்து, துறைமுகத்துப் பக்கம் கப்பல் உடைக்கிற இடத்தில் இரும்பை நெருப்பால் அறுக்கிற கேஸ் கட்டிங் கற்றுக்கொண்டேன். புருவம் இரண்டு தடவை கருகியது, வேலை வந்துவிட்டது. அதில் சொல்ல வேறொன்றும் இல்லை. கப்பல் வேலை குறைந்தபோது, எங்கள் தெருவிலேயே இருந்த பொன்னையா மேஸ்திரி என்னைத் தன்னோடு கூட்டிப்போனார். ரயில்வே ஒரு லைனை மூடினால் தண்டவாளம், அதற்கு அடியில் குறுக்கே கிடக்கிற ஸ்லீப்பர் கட்டை எல்லாவற்றையும் ஏலத்தில் விடும். ஏலம் எடுத்த காண்ட்ராக்டருக்கு ஆள் கொண்டுபோவது மேஸ்திரி. தாராவியிலிருந்து நாங்கள் ஒரு கூட்டமாகப் போய், ஆளில்லாத ஸ்டேஷனில் அடுப்பு மூட்டி, மாசக்கணக்கில் தங்கி, அந்த லைனைக் கழற்றிக்கொண்டு வருவோம்.

பொன்னையா மேஸ்திரி அதிகம் பேசமாட்டார். எப்போதும் கன்னத்தில் வெற்றிலை இருக்கும். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஏதாவது சொன்னால், ஓரமாகப் போய் மெதுவாகத் துப்பிவிட்டு வருவார். அந்த இடைவெளியில் கேட்டவனுக்கே தான் கேட்டது சரியா என்று சந்தேகம் வந்துவிடும். ஆளை அதட்டியதே இல்லை. தப்பாக நிற்கிறவனின் தோளைப் பிடித்து, பாத்திரத்தை நகர்த்துவது மாதிரி நகர்த்தி வைப்பார். அதுவே எங்களுக்குப் பெரிய அவமானம். ஒரு தடவை என்னை ஒரே நாளில் மூன்று முறை நகர்த்தினார், ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்கு ஒரு முறை இருந்தது, எந்த லைனுக்குப் போனாலும் அதுதான். முதலில் சாமான்களோடு, தண்டவாளத்தில் தள்ளிப்போகிற டிராலியில் லைனின் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்விட வேண்டும். கழற்றுவது அங்கிருந்துதான் தொடங்கும். கழற்றிய தண்டவாளத்தை டிராலியில் ஏற்றி, இன்னும் மிச்சமிருக்கிற பாதையிலேயே, மெயின் லைனோடு சேர்கிற ஜங்ஷனுக்கு அனுப்ப வேண்டும். இப்படியே பின்வாங்கிப் பின்வாங்கி ஜங்ஷனுக்கு வந்து சேர்வோம். எங்களுக்கு முன்னால் பாதை இருக்காது, முதுகுக்குப் பின்னால் எப்போதும் இருக்கும். "உள்ள வந்த பாதைதாம்ல வெளிய போற பாதை. அதக் கடைசியாத்தான் தொடணும்" என்பார். காட்டுக்குள் எங்களுக்கு ரோடு கிடையாது, போன் கிடையாது. பாம்பு கடித்தாலும் காய்ச்சல் வந்தாலும் டிராலியில் போட்டுத் தள்ளிக்கொண்டு ஓட அந்தப் பாதை ஒன்றுதான்.

வளைவில் தண்டவாளம் எடுப்பதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. நேராக வார்த்த இரும்பை வளைத்து, ஆணி அடித்துப் பிடித்து வைத்திருப்பார்கள். எத்தனை வருஷமானாலும் அது நேராகத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், பிடி தளர்ந்தால் வெளிப்பக்கம் துள்ளும். அதனால் முதலில் நடு ஆணிகளைப் பிடுங்கி, இரண்டு முனைகளையும் கடைசிக்கு வைத்து, கயிறு போட்டுக் கட்டி, ஆள் எல்லாம் வளைவின் உள்பக்கம் வந்த பிறகு, மேஸ்திரி கை காட்டின பிறகுதான் நான் கடைசி போல்ட்டில் நெருப்பு வைப்பேன். அவர் கை காட்டும் வரை ஒருத்தன் இருமக்கூட மாட்டான்.

எங்களோடு சுடலை என்று ஒருத்தன். ஊர் சாத்தான்குளம் பக்கம். பாலத்து வேலையில் அவனை அடிக்க ஆள் கிடையாது. பாலத்தைத் தாங்குகிற இரும்பு கர்டர் மேல் வெறுங்காலில் நடந்து போய்ப் பீடி பற்றவைப்பான். அவன் தம்பி இசக்கியை அவன்தான் ஊரிலிருந்து கூட்டிவந்து வேலை கற்றுக்கொடுத்தான். தாராவியில் ஒரே அறையில் சுடலை, அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள், இரண்டு பிள்ளைகள், இசக்கி எல்லாரும். பேச்சியம்மாள் கொழுந்தனையும் பிள்ளைக் கணக்கில்தான் வைத்திருந்தாள்.

அந்தச் சின்ன லைனுக்கு நாங்கள் போனது கோடையில். பாதிக்கு மேல் எடுத்திருப்போம். அப்போதுதான் சூப்பர்வைசர், எங்களுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் இருந்த இந்த ஆற்றங்கரைக்கு எங்களைக் கூப்பிட்டு, ஜங்ஷன் பக்கமிருந்து இன்னொரு செட் ஆளைப் போடப்போவதாகச் சொன்னான். பாலத்து ஸ்லீப்பர்கள் எல்லாம் உருப்படியான பெரிய மரம், வாங்குகிறவன் காத்திருக்கிறான், மழை இறங்கிவிட்டால் லாரி வராது, அதனால் பாலத்தை முதலில் உரித்துவிட வேண்டும் என்றான். மேஸ்திரி போய்த் துப்பிவிட்டு வந்தார். பாலத்தைக் கழற்றினால் என் ஆள் எப்படித் திரும்புவான் என்று கேட்டார். சூப்பர்வைசர் ஆற்றைக் காட்டிச் சிரித்தான். இதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கிறதா, இதற்கு எதற்கு இத்தனை பெரிய பாலம் கட்டினார்கள் என்று எனக்கே விளங்கவில்லை, உன் ஆட்கள் இறங்கி ஏறட்டும் என்று ஹிந்தியில் சொன்னான்.

புது செட்டுக்கு மேஸ்திரி யார் என்றதும் அவன் கை காட்டியது இசக்கியை. இசக்கிக்கு அன்று நடை தரையில் இல்லை. சுடலைக்கு அதைவிடப் பெருமை. தம்பி மேஸ்திரி ஆயிட்டான் என்று எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக்கொடுத்தான். பொன்னையா மேஸ்திரி மட்டும் இசக்கியைத் தனியாகக் கூப்பிட்டுப் பாலத்தில் கை வைக்காதே என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஆறு காஞ்சு கெடக்கு அண்ணாச்சி. எறங்கி ஏறுனாப் போச்சு."

"இன்னைக்குக் காஞ்சு கெடக்கு" என்றார் மேஸ்திரி. முதல் முதலாக மேஸ்திரி ஆனவனிடம் இதற்கு மேல் என்ன பேசுவது?

இசக்கி பாலத்தைச் சுத்தமாக உரித்தான். தண்டவாளம் போயிற்று, கட்டைகள் போயின. ஆற்றுக்கு மேலே இரண்டு கர்டர் மட்டும், நடுவில் வெறும் காற்று. தண்டவாளத்தை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கட்டைகளை ஜங்ஷன் பக்கக் கரையில் அடுக்கி வைத்திருந்தபோது மழை இறங்கிவிட்டது. மலையில் பெய்கிற மழைக்கு நாள் கணக்கு எல்லாம் வேண்டாம். ஒரே ராத்திரியில் ஆறு கரையைத் தொட்டது. லாரி சேற்றில் புதைந்து அந்தக் கரையிலேயே நின்றது.

மறுநாள் நாங்கள் வேலையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் காட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், எடுக்கிற வரை எடுப்போம் என்று எல்லாரும்தான் சொன்னோம். ஒரு வளைவு. நடு ஆணி பிடுங்கியாகிவிட்டது, முனையில் கயிறும் கட்டியாகிவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் ஒரு கல் சிக்கியிருந்தது. அதைத் தட்டிவிடச் சுடலை வெளிப்பக்கம் போனான். நான் இன்னும் நெருப்பே வைக்கவில்லை. மேஸ்திரியின் கை கீழேதான் இருந்தது. முனையில் பிடித்திருந்த பழைய போல்ட் தானாகவே அறுந்தது. கயிறும் நிற்கவில்லை. தண்டவாளம் துள்ளிச் சுடலையின் இடுப்பில் அடித்தது.

இதில் யார் மேலும் குற்றமில்லை. அப்போதும் அதைத்தான் சொன்னேன், இப்போதும் அதைத்தான் சொல்வேன். இரும்பு வேலையில் இப்படி நடக்கும். இதற்காகத்தான் பின்னால் ஒரு பாதை வைத்திருப்பது.

அவனைத் தார்ப்பாயில் கிடத்தி டிராலியில் வைத்துத் தள்ளினோம். இறக்கம்தான், சீக்கிரமே பாலத்துக்கு வந்துவிட்டோம். ரத்தம் வெளியே அதிகம் வரவில்லை. வயிறு மட்டும் கல்லாக இருந்தது. அது நல்லதில்லை என்று எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அந்தக் கரையில் இசக்கியின் ஆட்கள், லாரி, கொஞ்ச தூரத்தில் சூப்பர்வைசரின் ஜீப். நடுவில் இரண்டு கர்டர். கீழே ஆறு போகிற சத்தத்தில் இந்தக் கரையில் கத்தியது அந்தக் கரைக்குக் கேட்கவில்லை. டிராலியையும் தார்ப்பாயையும் பார்த்துத்தான் இசக்கி புரிந்துகொண்டான்.

ஈரமான கர்டர் மேல் ஓடியே வந்தான். வந்த வேகத்தில் அண்ணனை என் முதுகில் கட்டுங்கள், இப்படியே தூக்கிப் போய்விடுகிறேன் என்றான். மேஸ்திரி விடவில்லை. கர்டர் ஒரு அடி அகலம், அதிலும் ரிவெட் தலைகள், மழை வேறு. இடுப்பு நொறுங்கினவனை முதுகில் கட்டினால் வலியில் ஒரு தடவை உதறுவான், இரண்டு பேரும் போய்விடுவீர்கள் என்றார். இசக்கி அவர் சட்டையைப் பிடித்தான். அவர் அவன் தோளைப் பிடித்து, பாலத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, கட்டையைத் திரும்பப் போடச் சொன்னார்.

தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பான் என்று தாராவியில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தனும் மழையில் கர்டர் மேல் நின்றதில்லை. மேஸ்திரி சொன்னது சரி என்றுதான் நான் அவர்களோடு சண்டை போடுவேன். ஆனால் தனியாகப் படுத்திருக்கும்போது எனக்கும் நிச்சயமில்லை.

கட்டைகள் எல்லாம் அந்தக் கரையில். ஆகவே அங்கிருந்துதான் போட்டுக்கொண்டு வர வேண்டும். இசக்கி வந்த வழியே கர்டர் மேல் திரும்பி ஓடினான். இரண்டு பேர் ஒரு கட்டையைத் தூக்கி, போட்ட கட்டைகள் மேல் நடந்து வந்து, அடுத்ததைக் குறுக்கே வைப்பார்கள். முன்னால் இருந்து வாங்கி வைக்கிறவன் இசக்கி. கர்டரில் கவிழ்ந்து படுத்து, இரண்டு கையாலும் கட்டையை இழுத்துச் சரியாக உட்கார வைத்தான். சுடலையைக் கரை ஓரத்தில், பாலம் தெரிகிற மாதிரி கிடத்தியிருந்தோம். நான் அவன் தலையை மடியில் வைத்திருந்தேன். தம்பி ஒவ்வொரு கட்டையாகத் தன்னை நோக்கி வருவதை அவன் பார்த்துக்கொண்டே கிடந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவ்வளவு வலியிலும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"நெருக்கிப் போடாண்டாம்னு சொல்லு. ஒரு கால் எட்டுக்கு ஒண்ணு போதும். போல்ட்டும் மாட்டாண்டாம்" என்றான் என்னிடம்.

நான் கர்டர் வரை போய்க் கை ஜாடையில் சொன்னேன். அதன் பிறகு வேகமாக வந்தது. ஆனாலும் பொழுது சாய்ந்துவிட்டது. கடைசிக் கட்டையை வைத்து இசக்கி இந்தக் கரையில் காலை வைத்தபோது சுடலைக்கு உதடெல்லாம் வெளுத்திருந்தது. நினைவு இருந்தது. தம்பியின் கையைப் பார்த்து, "மொதல்ல கையக் கட்டுல. ரத்தமா வருது" என்றான். நான் கேட்டு அவன் பேசிய கடைசிப் பேச்சு அது.

தார்ப்பாயின் நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். முன்னால் இசக்கியும் மேஸ்திரியும், பின்னால் நானும் இன்னொருத்தனும். கீழே பார்க்கக் கூடாது, கட்டையை மட்டும் பார்க்க வேண்டும். ஆகவே அவன் முகத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அந்தக் கரையில் இறக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை. எந்தக் கட்டையில் போயிற்று என்று தெரியாது. இசக்கி நம்பவில்லை. ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய், டாக்டர் வாயால் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தான்.

தாராவியில் அடக்கம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். மழை விட்டிருந்தது. சூப்பர்வைசர் ஆள் அனுப்பினான். பாலத்துக் கட்டைகளை எடுத்துக் கொடுக்க வேண்டும், நீங்கள் வராவிட்டால் கல்யாணிலிருந்து வேறு ஆளைப் போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றான். நான் வாயில் வந்ததெல்லாம் பேசினேன். மேஸ்திரி துப்பக்கூடப் போகவில்லை, தரையைப் பார்த்தபடி இருந்தார். இனி எந்த லைனுக்கும் வரமாட்டேன் என்று மட்டும் சொன்னார், சொன்னபடியே போகவுமில்லை. இசக்கிதான் எழுந்து சட்டையைப் போட்டான். நான் போட்டது, வேறு எவனும் அதில் கை வைக்கக் கூடாது என்றான். ஒரு கட்டைக்கு இரண்டு ஆள் வேண்டுமே என்று மறுமுனையைப் பிடிக்க நான் போனேன். மழையில் ஊறி ஒவ்வொன்றும் பிணம் கனம் கனத்தது. போல்ட் இல்லாததால் சுலபமாக வந்துவிட்டது. ஒரு பகலில் பாலம் பழையபடி வெறும் கர்டர் ஆனது. அதோடு எனக்கும் அந்த வேலை வெறுத்துவிட்டது. அதன் பிறகு பழைய மில்களில் தொட்டியும் கொதிகலனும் வெட்டித்தான் பிழைத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சந்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். அதுவரை பேச்சியம்மாள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அன்றைக்குச் சாப்பாடு முடிந்து ஆட்கள் கிளம்புகிற நேரத்தில் வாசலில் வந்து நின்றாள். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை, பொதுவாகத்தான் கேட்டாள்.

"ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவ வழி இருந்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, காண்ட்ராக்டர், மழை, ஆறு என்று தொடங்கினார். தொடங்கினாரே ஒழிய முடிக்கத் தெரியவில்லை. நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இசக்கி எழுந்து அவள் முன்னால் போய் நின்றான்.

"இருந்துச்சு மதினி. நாந்தான் எடுத்தேன். ரெண்டு தடவ எடுத்தேன்" என்றான்.